இரண்டு பெட்டிகளிலும் இருந்த பெயர்

மகன்,

போன கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ மூன்று தரம் திரும்ப எடுத்தாய், நான் தூக்கவில்லை. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, காது மந்தம், கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும் என்று நினைத்திருப்பாய். கோபம் உண்மைதான், அது பிறவிக் குணம். காது நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது, அதனால்தான் வைத்தேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல ஆறு வருஷமாய் முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ என்ன சொன்னாய்? உங்கள் கம்பனியில் உனக்கு ஒரு இணையப் பக்கத்தைக் கொடுத்தார்கள். பார்க்கிற ஆள் ஒரு பட்டனை அமுக்கினால் அந்தப் பக்கத்தில் நாலு இடம் மாற வேண்டும். உனக்கு முன் இருந்தவன் நாலு இடத்துக்காக நாலு தரம் சர்வரிடம் போய்க் கேட்கிற மாதிரி எழுதிவைத்திருந்தான். ஒன்று வரும், ஒன்று வராது, ஒன்று பிந்தும். நீ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு தரம் கேட்டால் சர்வர் ஒரே பதிலில் நாலு துண்டையும் கட்டி அனுப்புகிற மாதிரி செய்தாய். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது போய் உட்கார வேண்டிய இடத்தின் பெயர் இருக்கும். வந்தால் நாலும் சேர்ந்து மாறும், வராவிட்டால் நாலும் பழையபடி நிற்கும். "எல்லயில ஹோட்டலுக்கு நீங்க செஞ்சு குடுத்தீங்களே அப்பா, அதே வேலதான். உங்களப் பாத்துத்தான் படிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தேன்.

எல்ல ஊரில் இருந்த அந்த ஹோட்டல் கதையை உனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அரைவாசிதான் சொல்லியிருக்கிறேன். முதலில் நான் எழுதிக் கொடுத்தது உன் கம்பனிக்காரன் எழுதிய மாதிரியேதான் இருந்தது. காலி அறைகள் ஒரு பெட்டி, ஆள் பதிந்த அறைகள் ஒரு பெட்டி, மேலே இன்னும் எத்தனை அறை மிச்சம் என்று ஒரு இலக்கம். மூன்றையும் தனித்தனியாய்க் கேட்டு வாங்கும். ஒருநாள் ஒரே அறை இரண்டு பெட்டியிலும் நின்றது, காலி என்றும் இருந்தது, ஆள் வந்தாச்சு என்றும் இருந்தது. வெள்ளைக்காரர் இரண்டு சோடி முதுகுப் பையோடு ஒரே கதவுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். வெட்கம் தாங்காமல் ஒரு கிழமை என் கணினிக் கடையைப் பூட்டிப்போட்டு உட்கார்ந்து, ஒரே பதிலில் மூன்றும் மாறுகிற மாதிரி முழுசாய்த் திருப்பி எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருநாளும் பிழை விடவில்லை. ஆக, தனித்தனியாய்க் கேட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கணினிகூடத் தேவையில்லை மகன். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரட்டுக்களத்திலேயே தெரியும். விடிந்ததும் எல்லாரும் கூடுவார்கள், கணக்கப்பிள்ளை படியில் ஏறி நின்று, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று ஒரு தரம் சத்தமாய்க் கத்துவார். அந்த ஒரு சத்தத்தில் கங்காணி தன் துண்டில் எழுதிக்கொள்வார், செக்ரோல்காரர் தன் வரவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், பெயருக்குரிய பொம்பளை கூடையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். ஒருநாள் கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தாமல், ஆள் மாற்றத்தைக் கங்காணியின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் அம்மா பழைய மலையிலேயே நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தாள். பின்னேரம் வந்து பார்த்தால் அவளுக்கு அன்றைக்குப் பேர் விழவில்லை, அரைப் பேர்கூட இல்லை, அன்றைக்குக் கூலி போச்சு. மழையில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் இருந்து அவிழ்க்காமலே வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்படியெல்லாம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

உன் அம்மாவைக் கேள், என் லட்சணத்தைச் சொல்வாள். தோட்டத்தை விட்டு பதுளை டவுனுக்குக் குடி வருகிறோம் என்று முடிவானபோது கடைக்காரருக்குச் சொன்னேன், உன் பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன், சாமான் ஏற்ற லொறிக்காரனுக்குச் சொன்னேன். அவளுக்குச் சொல்ல மறந்துபோனேன். அவள் மழைக்காலத்துக்கென்று இரண்டு நாளாய் விறகு சுமந்து கொண்டுவந்து காம்பரா வீட்டுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள். லொறி வந்து நின்றதும் என்னைப் பார்த்து, "ஏங்க, ஊருக்கெல்லாம் புதுக் கத, எனக்கு மட்டும் பழைய கதையா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! நீகூட விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். என்னிடம் அப்போதிருந்தே அந்தக் குறை இருக்கிறது, ஒருத்தருக்குச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி மனசு ஆறிப்போகும்.

இனி ஆறு வருஷத்துக்கு முந்தின அந்த மண்சரிவுக்கு வருகிறேன். நீ அப்போது கொழும்பில் கேம்பஸில் இருந்தாய், பரீட்சை நேரம், பாதையும் இல்லை. அதனால் அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில், எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, நமுனுகுல பக்கம் உன் மாமா வேலை செய்த தோட்டத்தில் மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த மலை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. பாதி லயம் மண்ணுக்குள் போய்விட்டது. செல்லமுத்து மாமா தேயிலை பக்டரியில் நின்றார், அத்தை கொழுந்து மலையில் நின்றாள். அவர்கள் மகள் கோகிலா ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். உயிர் தப்பியவர்களில் ஒரு பகுதி தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது, இன்னொரு பகுதி மறுபக்கமாய் இறங்கி தெமோதரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தது. நடுவில் பாதை உடைந்துவிட்டது. இங்கே இருப்பவன் அங்கே இருப்பவளைத் தேடி அழுகிறான், அங்கே இருப்பவள் இங்கே இருப்பவனைத் தேடி அழுகிறாள். நான் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பதுளையில் இருந்து பாதி தூரம் பஸ்ஸிலும் பாதி தூரம் நடந்தும் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு முகாமையும் சேர்க்க ஒரு பக்கம் வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது. எல்லாரும் என்னைத் தெய்வம் மாதிரிப் பார்த்தார்கள். லெப்டொப்பில் ஹோட்டலுக்கு எழுதியது இரண்டும் இருந்தது. நல்ல பிரதி ஹோட்டலோடு பின்னிப் பிணைந்து கிடந்தது, பிரித்து எடுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். பழைய பிரதி சும்மா கிடந்தது. அதை எடுத்து, 'காலி அறைகள்' என்று இருந்த இடத்தில் 'தேடப்படுவோர்' என்று போட்டேன். 'பதிந்தவை' என்று இருந்த இடத்தில் 'வந்து சேர்ந்தோர்' என்று போட்டேன். மேலே மிச்ச அறைகளின் எண்ணிக்கை இருந்த இடத்தில், இன்னும் தேட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று போட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். இப்போதைக்கு இது போதும், நம்ம சனம்தானே பார்க்கப் போகுது, இதுதான் ஓடியது. வெள்ளைக்காரனுக்கு அறை மாறிப்போகக் கூடாது என்று ஒரு கிழமை உட்கார்ந்தவன், என் சொந்தச் சனத்துக்கு அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன். அவசரம் என்று சொல்லி அந்த நினைப்பை மூடப் பார்த்திருக்கிறேன். அவசரம் பாதிதான்.

யார் வீட்டிலோ இருந்து ஒரு பெரிய டீவியைக் கொண்டுவந்தார்கள், ஜெனரேட்டர் போட்டு, லெப்டொப்பை அதில் மாட்டினேன். மண்டபம் நிறைய சனம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. தோட்டத்து ஆட்களை உனக்குத் தெரியுமே, ஒப்பீஸ் சுவரில் ஒட்டின பேப்பரில் பேர் இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் இல்லை. வாய்ச் சொல்லை நம்ப மாட்டார்கள், எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். இங்கே எழுதியவன் நான். நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கம் தானாகவே சர்வரிடம் போய் மூன்று பெட்டிக்கும் மூன்று தரம் கேட்கும். அந்த மழையில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது.

கோகிலா அன்றைக்கு வீட்டில் இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று, யாருக்கும் சொல்லாமல் காலையிலேயே தெமோதரைக்குப் போயிருக்கிறாள். கேக் வெட்டிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம் என்று நினைத்திருக்கிறாள். பதினெட்டு வயசுப் பிள்ளை, ஒரு கேக்குத் துண்டுக்கு ஆசைப்பட்டதில் என்ன குற்றம்? விஷயம் கேள்விப்பட்டதும் அழுதுகொண்டு அங்கிருந்த முகாமுக்கு ஓடினாள். அங்கே பதிந்துகொண்டிருந்த வாத்தியார் அவள் பெயருக்கு நேரே 'வந்தாச்சு' என்று அமுக்கினார். அது சர்வருக்குப் போய்விட்டது. எங்கள் டீவியில் 'வந்து சேர்ந்தோர்' பெட்டி மட்டும் புதுசாய் வந்தது, அவள் பெயர் அந்த நீளப் பட்டியலின் கடைசியில், திரைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில் போய் விழுந்தது. 'தேடப்படுவோர்' பெட்டியும் மேலே இருந்த இலக்கமும் மாறவில்லை. கேட்கப் போன செய்தி எங்கேயோ தொங்கிக்கொண்டு நின்றுவிட்டது, அது திரும்பி வராமல் அந்த இடங்கள் அடுத்த தரம் கேட்காது. அந்த ஒரு பெட்டி வந்து சேர்ந்ததே மகன், எல்லாம் ஒரே பதிலில் வந்திருந்தால் மற்ற இரண்டும் அதோடு கூடவே வந்து சேர்ந்திருக்கும். இதை நான் எத்தனை ஆயிரம் தரம் யோசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

செல்லமுத்து மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். உடம்பெல்லாம் சேறு. அதற்கு முன்னால் இரண்டு தரம் மேலே ஏறப் பார்த்தார், கயிறு கட்டி நின்றவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டீவியைக் காட்டி, "மச்சான், புள்ள பேரு இன்னும் அந்தப் பக்கந்தான் கெடக்கா?" என்று கேட்டார். நான் இன்னொருவருக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கி இலக்கத்தைப் பார்த்தேன், மாறவில்லை. "ஆமா மச்சான், அங்கதான் இருக்கு" என்றேன். கீழே உருட்டிப் பார்க்க எனக்கு ஒரு விரல் போதும், அதைக்கூடச் செய்யவில்லை. அவர் சுவரோரம் சாத்தியிருந்த, மண் தோண்டுகிற அலவாங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "எங்க போறீங்க?" என்று அத்தை கத்தினாள். "புள்ள மூச்சு முட்டிக் கெடக்கும்டி" என்று சொல்லிக்கொண்டே போனார். கயிறு கட்டின பாதையால் போகவில்லை, விடமாட்டார்கள் என்று தெரியும். பின்பக்கமாய்த் தேயிலைக்குள் நுழைந்து ஏறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெமோதரையில் இருந்து அந்த வாத்தியார் போன் எடுத்தார். "அண்ணே, கோகிலா இங்க பத்திரமா இருக்குன்னு அப்பவே அடிச்சு விட்டேனே, அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். நான் பட்டியலைக் கீழே உருட்டினேன். கோகிலா பெயர் இரண்டு பெட்டியிலும் இருந்தது. தேடப்படுகிறாள், வந்தும் சேர்ந்துவிட்டாள். ஹோட்டல் அறை நின்ற மாதிரியே நின்றது. என் கை தானாக ரிஃப்ரெஷை அமுக்கியது. பக்கம் முழுசாய்ப் புதுசாகி வந்தது, மூன்றும் சரியாக இருந்தது. அந்தப் பிழையை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகுதான் எழும்பி ஓடினேன். மழையில் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு தேயிலைக்குள் ஏறினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, மலை இரண்டாம் தரம் இறங்குகிற சத்தம் கேட்டது. அது காதில் இருந்து போகாது மகன், இன்றைக்கும் பக்கத்தில் லொறி கல்லுக் கொட்டினால் நான் எழும்பி வெளியே ஓடிவிடுவேன். உன் மாமாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

இதுவரை நடந்தது பிழை. இனிச் சொல்லப்போவது பாவம். மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணே, தெமோதரையில புள்ள இருக்குங்குறாங்க, அவருகிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்றாள். "இப்பத்தான் தங்கச்சி சேதி வந்துச்சு" என்றேன். இவ்வளவுதான் நான் சொன்ன பொய். இந்த ஒரு பொய்யால் என் கழுத்தில் இருந்த கயிறு கழன்று அந்தப் பிள்ளையின் கழுத்தில் விழுந்தது. செய்தி பிந்தி வந்தது என்றால் குற்றம் யாருடையது? சொல்லாமல் போனவளுடையது. சாவு வீட்டில் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா மனுசன் ஏறியிருக்க மாட்டாரேடி" என்று அவளைப் பார்த்துக் கத்தினாள். அத்தையைக் குறை சொல்லாதே, அவளுக்கு நான் கொடுத்ததை வைத்துத்தான் அவள் பேசினாள். கோகிலா அழக்கூட இல்லை, அப்படியே நின்றாள். கருமாதி அன்றைக்கு என்னிடம் வந்து, "மாமா, நான் சொல்லிட்டுப் போயிருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல?" என்று கேட்டாள். எனக்கு வாய் திறந்தது. "விதிம்மா, விடு" என்ற சொல்தான் வந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. அடுத்த வருஷமும் எழுதவில்லை. இப்போது பதுளையில் மருந்துக்கடையில் நிற்கிறாள். நீ அவளைக் கேலி பண்ணுவாயே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டுக்கு வந்திருந்தாலும்கூட, எங்கே போனாலும் வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாய்ப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போவாள். "அம்மா, முக்குக் கடைக்குப் போறேன். அத்தை, முக்குக் கடைக்குப் போறேன். மாமா, முக்குக் கடைக்குப் போறேன், கால் மணித்தியாலத்துல வந்துருவேன்." நீ சிரித்துக்கொண்டு, "நீ என்ன, தெமோதர ஸ்டேஷன்ல மைக்ல சொல்றவளா?" என்று கேட்டாய். அவளும் சிரித்தாள். நான் எழும்பிப் பின்பக்கம் போய் முகம் கழுவினேன். நீங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொள்கிறோம் என்று வந்து நின்றபோது, சாதகம் பொருந்தவில்லை என்று நான் குதித்தேனே, சாதகத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்து தினமும் என் முன்னால் நின்று "மாமா, போயிட்டு வர்றேன்" என்று சொன்னால் நான் எப்படி உயிரோடு இருப்பது என்றுதான் குதித்தேன். உன் அம்மா, சொந்த அண்ணன் மகளை வேண்டாம் என்கிறீர்களே என்று என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அவளுக்கும் இது தெரியாது.

சர்வரில் விழுந்த பதிவு என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நிறுத்தும்போது எல்லாவற்றையும் அழித்தேன், அந்த ஒரு கோப்பை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. வாத்தியார் அமுக்கிய நேரம் அதில் இருக்கிறது, நான் ரிஃப்ரெஷ் பண்ணிய நேரமும் இருக்கிறது. நடுவில் நாற்பது நிமிஷம். மாமா அந்த நாற்பது நிமிஷத்துக்குள்தான் என்னிடம் வந்து கேட்டார். தாளில் எடுத்து இதோடு வைக்கிறேன். உனக்கு அதை வாசிக்கத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. யாருக்காக வேலை செய்கிறாய் என்று பார்த்து வேலையின் தரத்தைக் குறைக்காதே. கேட்டு வந்து நிற்கிறவனுக்கு "ஆமா" என்று சொல்லும் முன் ஒரு தரம் கீழே உருட்டிப் பார். உன் பெண்சாதியிடம் ஒரு பொய் சொன்னால், அந்த ராத்திரிக்குள் அதைத் திருப்பி வாங்கிக்கொள். நாள் போகப் போக அதை எடுக்கிற பலம் உன்னிடம் இருக்காது. நானும் பலசாலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை மடித்துக் கொழும்புக்கு உன் பேருக்குப் போடலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். நீ படித்துவிட்டு, தோதான நேரம் பார்த்து அவளிடம் சொல்வாய், பிறகு யாராவது உன் அம்மாவிடம் சொல்வார்கள், அத்தைக்கு ஒருநாள் தெரியவரும் என்று கணக்குப் போட்டேன். மேலே எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கும்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். என்ன மனுசன் நான்! திரும்பவும் அதே வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறேன். உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று ஒருநாள் போனாலும் அந்த ஒருநாள் நீ அவளை எப்படிப் பார்ப்பாய்? அவளுக்குத் தெரிந்து அத்தைக்குத் தெரியாமல் இருந்தால், அத்தை வழக்கம்போல ஒரு சொல் சொல்லிவிடுவாள், அவள் அதையும் வாங்கிக்கொண்டு நிற்பாள்.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூறைச்சேலை எடுக்க நீ கொழும்பில் இருந்து வருகிறாய், அத்தையும் கோகிலாவும் வருகிறார்கள், உன் அம்மா வீட்டில் இருப்பாள். கடைக்குக் கிளம்பும் முன் நாலு பேரையும் முன்னறையில் உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை நானே வாசிக்கப் போகிறேன். இந்த வரி உன் காதில் விழும்போது நீ என்னைப் பார்க்காதே மகன், அவளைப் பார். உன் அம்மா என்னைத் திட்டினால் தடுக்காதே. அத்தை அடித்தாலும் தடுக்காதே. கல்யாணத்தன்று நான் பந்தலில் நிற்கலாமா கூடாதா என்று நீ சொல்லாதே, அதை அவள் சொல்லட்டும். கல்யாணமே வேண்டாம் என்று அவள் எழும்பிப் போனாலும் அவளோடு போ, என்னோடு நிற்காதே.

கோகிலா, கடைசி வரி உனக்கு. நீ சொல்லாமல் போனதால் உன் அப்பா சாகவில்லை. நீ பத்திரமாக இருக்கிறாய் என்ற செய்தி நாற்பது நிமிஷமாய் என் கைக்குக் கீழே கிடந்தது, அவர் வந்து கேட்டபோது நான்தான் பார்க்காமல் பதில் சொன்னேன். இனிமேல் நீ கடைக்குப் போனால், யாரிடமும் சொல்லாமல் போயிட்டு வாம்மா.